பெற்றோல் பீப்பாய்க்கு வைத்த கையெழுத்து

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற இதழில் கனடாவின் வடபகுதி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். "சுரங்க நிறுவனங்கள் எஸ்கிமோ மக்களுடன் கலந்தாலோசித்த பின்னரே மண்ணைத் தொடுகின்றன" என்று போட்டிருக்கிறீர்கள். எழுதியவர் எந்தக் கூட்டத்தில் இருந்தாரோ தெரியாது. நான் இருந்திருக்கிறேன்.

வடமேற்கு நிலப்பகுதியில் ஒரு வைரச் சுரங்க முகாமில் நாலு குளிர்காலம் சமைத்தவன் நான். ஒருமுறை அங்கத்தைய பூர்வகுடிகளான டெனே மக்களின் கிராமம் ஒன்றில் கூட்டம் என்று, கோப்பியும் டோனட்டும் கொடுக்க என்னையும் சின்ன விமானத்தில் ஏற்றினார்கள். மண்டப வாசலில் ஒரு தாள். பெயர் எழுதிக் கையெழுத்து வைத்தால் குலுக்கலில் சேரலாம். பரிசு ஒரு பீப்பாய் பெற்றோல். ஸ்னோமொபைலில் வேட்டைக்குப் போகிற சனம் வைக்காமல் விடுமா? உள்ளே ஒரு மூதாட்டி எழும்பி, கரிபு மான் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று தன் மொழியில் கேட்டார். "குறித்துக்கொண்டோம்" என்றார் நிறுவனத்து ஆள். அவர் கையில் பேனா இருக்கவில்லை. மூன்று மணிக்குக் காலநிலையைச் சாட்டிப் புறப்பட்டுவிட்டோம். பிறகொரு நாள் முகாம் அலுவலகத்துக்குக் கோப்பி கொண்டுபோனபோது அதே தாளைக் கண்டேன். கோப்பின் மேல் "கலந்தாலோசனை" என்று எழுதியிருந்தது.

அதே நிலப்பகுதியின் தலைநகர் யெல்லோநைஃபில் இருந்த ஜயன்ட் தங்கச் சுரங்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அதன் புகை படிந்த பனியை உருக்கிக் குடித்த இரண்டு வயது டெனேக் குழந்தை 1951இல் ஆர்செனிக் நஞ்சேறி இறந்தது. குடும்பத்துக்குக் கொடுத்தது 750 டொலர். கடைசியில் சுரங்கக்காரர் கடனில் மூழ்கிப் போய்விட்டார்கள். 237,000 தொன் ஆர்செனிக் தூள் ஏரிக்கரையில் நிலத்துக்கடியில் கிடக்கிறது. அதை உறைய வைத்துக் காக்கிற செலவு உங்கள் வரியிலும் என் வரியிலும்தான்.

இனுயிட் மக்கள் வாழும் பாஃபின் தீவில், சுரங்க நிறுவனம் ஒன்று இரும்புத்தாது ஏற்றுவதை ஆண்டுக்கு 60 இலட்சம் தொன்னிலிருந்து இரண்டு மடங்காக்க அனுமதி கேட்டது. கப்பல் இரைச்சலில் நார்வால் திமிங்கிலம் ஓடிவிடும் என்று சனம் சொல்லிச் சொல்லிக் களைத்தது. 2021 பெப்ரவரியில் வேட்டைக்காரர்கள் விமான ஓடுபாதையை மறித்த பிறகுதான் தெற்கில் உள்ளவர்களுக்குக் காது கேட்டது. 2022 நவம்பரில் ஒட்டாவா மத்திய அரசு அனுமதி மறுத்தது. எல்லாம் கலந்து பேசித்தான் நடக்கிறது என்றால், அந்தக் குளிரில் போய்க் குந்த அவர்களுக்கு என்ன விசரா?

வேலை கொடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஒப்பந்தப்படி டெனே இளைஞர்கள் எங்கள் முகாமுக்கும் வந்தார்கள். பாதிப்பேர் என்னோடு வெங்காயம் உரித்தார்கள்.

அப்புறம் அந்த "எஸ்கிமோ". அவர்கள் இனுயிட், டெனே வேறு இனம் என்று மூன்று வருடத்துக்கு முன்பே எழுதினேன். கடிதத்தில் பாதியை வெட்டி, மிச்சத்தில் என் பெயரையும் பிழையாகப் போட்டீர்கள். பரவாயில்லை, உங்களுக்கு வேலை அதிகம்.

அடுத்த இதழில் அந்த ஒரு சொல்லையாவது திருத்தி ஒரு வரி போடுங்கள். இந்த முறை என் பெயர் வேண்டாம்.

முன்னாள் முகாம் சமையல்காரன்,
ஸ்காபரோ