ஆய்வகத்தில் சேருமுன்

அன்பு மகளே,

அல்சைமர் என்னும் மறதி நோயை ஆராயும் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்த செய்தியோடு, "நீங்க எல்லாம் இவ்வளவு காலம் உழைச்சும் குணப்படுத்த முடியலையே, நான் ஏன்மா அதுக்குள்ள வரணும்?" என்றும் கேட்டிருந்தாய். சந்தோஷத்தைப் போனில் கொட்டுகிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் எழுத்தில்தான் பதில். பேசினால் பாதியில் மறித்துவிடுவாய்.

1906இல் இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார் ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர். நரம்புச் செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். இந்த இரண்டில் எது நோயைத் தொடங்கி வைக்கிறது என்பதில்தான் எங்கள் சண்டையில் பாதி. படிவில் இருக்கும் அமிலாய்டு பீட்டா புரதத்தை 1984இல் கிளென்னர், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதை உண்டாக்கும் மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதல், அவர்கள் மூளையில் நடுத்தர வயதுக்குள்ளேயே இந்தப் படிவுகள் வந்துவிடுகின்றன. 1991இல் அதே மரபணுவில் பிழை உள்ள குடும்பங்களும் தெரியவந்தன. அமிலாய்டு முதலில், மற்றதெல்லாம் அதன் பின்விளைவு என்று மறு வருடம் ஹார்டி, ஹிக்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதியபோது, எங்கள் தலைமுறைக்கு வழி தெரிந்துவிட்டது போலிருந்தது.

எலிகளுக்கு இந்த நோய் தானாக வருவதில்லை. பிழையுள்ள மனித மரபணுவைப் புகுத்தி வரவழைத்தோம். படிவு வந்தது, ஆனால் பெரும்பாலான எலிகளில் டௌ என்ற புரதத்தாலான அந்த முறுக்கு இழைகளும் இல்லை, நரம்புச் செல்கள் கொத்துக்கொத்தாகச் சாகவும் இல்லை. 1999இல் ஒரு தடுப்பூசி அந்தப் படிவைத் துடைத்தது. எலியைக் குணப்படுத்துவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை!

மனிதர்களிடம் அந்தத் தடுப்பூசிச் சோதனை 2002இல் நின்றது. போட்டுக்கொண்டவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கு மூளையில் அழற்சி. அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. அவர்களில் சிலர் இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்த முடிவுகள் 2008இல் வெளியாயின. சிலருக்குப் படிவு அநேகமாக முழுசாகவே போயிருந்தது. ஆனாலும் சாகும்போது அவர்கள் கடுமையான மறதி நோயில்தான் இருந்தார்கள். நீ சேருமுன் அந்தக் கட்டுரையை அவசியம் படி. "காலம் கடந்து கொடுத்துவிட்டோம்" என்றார்கள் ஒரு சாரார். சாக்கு என்றார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டிலும் பங்கு உண்டு என்றுதான் பட்டது. உயிரோடு இருப்பவர் மூளையில் அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேன் 2004இல் வந்த பிறகு, மறதி தலைகாட்டுவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்பே அது படியத் தொடங்குவது தெளிவானது.

சீக்கிரம் கொடுத்துப் பார்த்தால்? 2022இல் அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் என்ற மருந்தின் சோதனை முடிவு வந்தது. நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. கேட்கப் பெரிதாக இருக்கும். நினைவையும் அன்றாடச் செயல்பாட்டையும் அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45. வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்பவர் கண்ணுக்கே அது படாமல் போகலாம். மூளை வீக்கமும் சிறு ரத்தக் கசிவும் சிலருக்கு வரும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் வேறு. ஆனால் அமிலாய்டை எடுத்தால் நோயின் வேகம் கொஞ்சமாவது குறையும் என்று மனிதரிடம் காட்டியாகிவிட்டது. அதைச் சாதாரணமாக நினைக்காதே. (அமிலாய்டைப் பற்றி 2006இல் வந்து, படங்களில் தில்லுமுல்லு இருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்ட ஒரு கட்டுரையைக் காட்டி "எல்லாமே பொய்" என்கிறார்களே, அவர்களை விடு. அமிலாய்டு முதலில் என்ற கருத்து அந்த ஒரு கட்டுரையில் நிற்கவில்லை.)

நான் இன்றைக்குத் தொடங்கினால் எங்கே உட்காருவேன் தெரியுமா? கொலம்பியாவில் ஒரு பெரிய குடும்பம், நாற்பதுகளிலேயே நினைவைத் திருடும் மரபணுப் பிழை அவர்களிடம் ஓடுகிறது. அதே பிழையோடு பிறந்த ஒரு பெண்மணி எழுபதை நெருங்கும்வரை நன்றாக இருந்தார். 2019இல் அதைப் பற்றி எழுதினார்கள். அவர் மூளை நிறைய அமிலாய்டு, டௌ மட்டும் குறைவு. அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஏபோஈ என்ற மரபணுவில் அவருக்கு அரிதான இன்னொரு மாற்றம், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்திருந்தது. அமிலாய்டிலிருந்து டௌவுக்குப் போகும் பாதையில் எங்கோ ஒரு கதவு இருக்கிறது, அவருக்கு அது சாத்தியிருந்தது என்று நினைக்கிறேன். அந்தக் கதவு என்ன என்பதுதான் உன் வயதுக்காரர்களுக்கான வேலை. அதற்காகத்தான் வா என்கிறேன்.

சேருமுன் அந்த ஆய்வகத்துப் பேராசிரியரைக் கேள்: "எந்த முடிவு வந்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள்?" உடனே சொல்பவர் என்றால் சேர். சிரித்து மழுப்பினால் வேறு இடம் பார். நோயாளிகள் வரும் மருத்துவப் பிரிவில் வாரம் ஒருநாள் உட்கார அனுமதி உண்டா என்றும் விசாரி. எலியோடு மட்டும் இருந்தால் எலிக்குத்தான் மருந்து வரும்.

உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி என்று கேட்கக் கூச்சப்படாதே. கையெழுத்துப் போடுமுன் கடிதத்தை எனக்கு அனுப்பு, ஒரு தடவை படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா