மாடி ஜன்னலில் வந்து அளந்து பாருங்கள்: நெடுஞ்சாலை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சாலையோரம் ஒலித்தடுப்புச் சுவர் எழுப்பியதற்கு முதலில் நன்றி. கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் சாலைச் சத்தம் பற்றி நாங்கள் கொடுத்த மனுவுக்கு, "சுவர் கட்டி முடிக்கப்பட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது" என்ற உங்கள் பதிலைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் மாடி அறையில்தான் அம்மா படுக்கிறார். அங்கே ஜன்னலருகே நின்றால் சுவருக்கு மேலாக லாரியின் சக்கரம்வரை தெரிகிறது. சாலை கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குச் சத்தமும் நேராக வந்து சேரும் என்பது உங்கள் பொறியாளர்கள் அறியாததல்ல. பார்வையை மறைக்கும் உயரத்துக்கு எழும்பினால்தான் சுவர் சுமார் 5 டெசிபல் குறைக்கும். அதற்கு மேல் உயர்த்தும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒன்றரை டெசிபல் குறையும். ராத்திரி கனரக வண்டி போகும்போது கண்ணாடி அதிராமல் இருக்க, ஜன்னல் சட்டத்தில் அட்டையை மடித்துச் செருகி வைத்திருக்கிறார் அம்மா. சாத்தினால் புழுக்கம், திறந்தால் தூக்கமில்லை. கண் சிவந்து காலையில் இறங்கி வருகிறவரிடம் உங்கள் கடிதத்தை எப்படிப் படித்துக் காட்டுவது?

நீங்கள் அளந்தது பகலில், சுவரின் நிழலில், தரையில் நின்று. இரவில், மாடி ஜன்னலில் அளந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், சாலைச் சத்தம் இரவில் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. தூக்கம் கெட்டால் உடம்பும் கெடும் என்பதால்தான் அந்தத் தனி அளவு.

அப்புறம், தெருமுனையில் சுவரை நிறுத்திவிட்டு விட்ட திறப்பு. அதன் வழியாக வரும் இரைச்சல், பக்கத்தில் சுவர் இருப்பதையே மறக்கடிக்கிறது. எதிர்ப்பக்கத்துக்காரர்களோ முன்பைவிடச் சத்தம் கூடிவிட்டது என்கிறார்கள். வழவழப்பான கான்கிரீட் ஒலியைத் திருப்பி அடிக்கும். அதை உறிஞ்சும் பலகைகளைப் பதித்திருக்கலாம். சுவரை ஒட்டியுள்ள வீடுகளில் வெளிச்சமும் காற்றும் போய்விட்டன, சத்தமே தேவலை என்கிறார்கள் சிலர். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கட்டுவதற்கு முன் எங்களில் யாரையும் நீங்கள் கேட்கவில்லையே! அமெரிக்காவில் மத்திய அரசு நிதியில் ஒலித்தடுப்பு கட்டும்போது, பயன்பெறும் வீட்டு உரிமையாளர்கள், குடியிருப்பவர்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது விதி. இங்கே சாலையை அகலப்படுத்தியபோதும் கேட்கவில்லை, வண்டிகள் பெருகியபோதும் கேட்கவில்லை. எங்கள் வீட்டைப் பற்றி எல்லாவற்றையும் எங்களைத் தவிர மற்றவர்களே முடிவு செய்கிறீர்கள்.

சரி, அதை வேறொரு நாள் பேசலாம். இப்போதைக்கு மனுவைத் திரும்பத் திறங்கள். இரவில், மாடி ஜன்னலில் அளந்து பாருங்கள். அந்த அளவை வைத்துச் சுவரை உயர்த்துவதா, திறப்பை அடைப்பதா என்று இரு பக்கத்தாரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அளக்க வரும் தேதியை முன்கூட்டித் தெரிவித்தால், அறையை ஒழித்துத் தருகிறோம். எந்த நேரமானாலும் கதவு திறந்திருக்கும்.

இப்படிக்கு,
சாலையோரக் குடியிருப்புவாசிகள் சார்பில் ஒருவர்