மலையும் மழையும் மட்டுமா மலையகத்தை உருவாக்கின?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலையின் வரலாறு பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, இலங்கை மலைநாட்டின் குளிரும் மழையும் சரிவுமே பெருந்தோட்டப் பொருளாதாரத்தை உருவாக்கின என்ற கருத்தோடு நின்றுவிட்டது. கொழும்புப் பாடசாலைகளில் நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் அதில் பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். மறுபாதி சொல்லப்படாமற் போவது, இன்றும் தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களில் வாழும் மக்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்பதால் இதை எழுதுகிறேன்.

எந்தப் பயிர் எங்கே விளையும், அதற்கு எந்த மாதத்தில் எத்தனை கைகள் வேண்டும் என்பதை நிலமும் பருவமும் தீர்மானிக்கின்றன என்பது உண்மையே. கோப்பியை எடுத்துக்கொள்வோம். கோப்பிப் பழம் ஒரு பருவத்தில் திரண்டு பழுப்பது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஏனைய மாதங்களில் களை பிடுங்கவும் கிளைகளைக் கவ்வாத்து வெட்டவும் சிலரே போதுமாயிருந்தனர். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து வயல்களில் அந்த மாதங்களில் வேலை குறைவு. ஆகவே ஆள் சேர்த்துவந்த கங்காணியிடம் முன்பணம் பெற்று, கடல் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை வறண்ட காட்டினூடே நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர், பறிப்பு முடிந்ததும் தை அறுவடைக்கு ஊர் திரும்பினார்கள். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையாகி அந்த வழியிலேயே மாண்டவர்கள் பலர்.

தேயிலையின் கணக்கு முற்றிலும் வேறு. 1869 இல் காணப்பட்ட இலைத்துரு நோய் படிப்படியாகக் கோப்பியை அழித்துவிட, 1867 இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர் மலைநாடெங்கும் பரவியது. கொழுந்துக்குப் பருவ ஓய்வு கிடையாது. ஒரு மலையில் கிள்ளி முடித்து ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அதே தூரில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் மீண்டும் எழும்பிவிடும், விட்டுவிட்டால் முற்றிப்போகும். கிள்ளியதையும் கிடப்பில் போட முடியாது. அன்றே மடுவம் என்னும் கொட்டகையில் நிறுத்து, ஆலைக்குக் கொண்டுபோய் வாட்டத் தொடங்க வேண்டும். கோப்பிக் கொட்டையைத் தோட்டத்தில் சதை நீக்கிக் கொழும்புக்கு அனுப்பினால், இங்கே உலர்த்தித் தோல் நீக்க, பெண்கள் தரம் பிரித்தார்கள். தேயிலைக்கோ ஆலையைத் தோட்டத்திலேயே கட்ட வேண்டியிருந்தது. அதற்கு அருகில் லயமும், விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஆண்டு முழுவதும் வந்து நிற்க ஒரு குடும்பமும் வேண்டியிருந்தன. வந்து போனவர்கள் குடியிருப்பாளர்களாக மாறியது இப்படித்தான்.

ஆனால் அந்தக் கைகள் யாருடையவை, எந்த நிபந்தனையில் உழைத்தன என்பதை மழை தீர்மானிக்கவில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கொண்டது. ஆரம்பத்தில் ஏக்கர் 5 சிலிங்குக்கே அவை விற்கப்பட்டன. பள்ளத்தாக்கில் வயலும் சரிவில் காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரும் வைத்திருந்த கண்டிய விவசாயி தோட்ட வேலைக்கு வராததைச் சோம்பல் என்று தோட்டத் துரைமார் எழுதிவைத்தார்கள். தன் வயலை விட்டுவிட்டு அற்பக் கூலிக்கு ஒருவன் ஏன் போக வேண்டும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. வந்த தமிழரைக் கட்டிவைத்ததும் நிலமன்று, கடன். கடனைக் கட்டினால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டம் சீட்டு எழுதிக்கொடுக்கும் துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்படும் வரை, கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்க்காமல் அவர்கள் வேறு தோட்டத்தில் முறைப்படி வேலைக்குச் சேர முடியவில்லை.

வட அமெரிக்காவின் வெர்ஜீனியாவையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அங்கே புகையிலைத் தோட்டங்களில் முதலில் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்த ஏழை ஆங்கிலேயர் உழைத்தார்கள். பின்னர் அந்த இடத்துக்கு அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர் கொண்டுவரப்பட்டனர். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று 1662 இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. மண் அதே மண், பயிர் அதே பயிர். மாறியவை சட்டமும் ஆள் சேர்க்கும் வழியும்தான்.

கொழும்புவாசிகள் இதை மலைநாட்டுச் செய்தியாக மட்டும் பார்க்கக் கூடாது. வெர்ஜீனியாவின் அகன்ற ஆறுகளில் கப்பல்கள் தோட்டத்துத் துறைக்கே போக முடிந்ததால் அங்கே நெடுங்காலம் பெருநகரம் எழவில்லை. நம் மலைநாட்டு ஆறுகளோ பாறையிலும் அருவியிலும் விழுந்து வருபவை. அவற்றில் சரக்கேற்ற முடியாது. எனவே மாட்டு வண்டியும், 1867 இல் கண்டியையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டிய புகையிரதமும் மலையின் விளைச்சலில் பெரும்பகுதியைக் கொழும்பு என்ற இந்த ஒரே வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. கொழும்புத் துறைமுகத்தில் 1875 இல் தொடங்கிய தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885 இல் முடிந்தபோது காலித் துறைமுகம் தன் முதன்மையை இழந்திருந்தது. துறைமுகத்திலும் தேயிலைக் களஞ்சியங்களிலும் மூட்டை சுமந்தவர்கள் குடியேறிய கொச்சிக்கடையும் கொட்டாஞ்சேனையும் அந்தப் பாதையின் கடைசி நிலையங்களே.

தேயிலை தோட்டத் தமிழரை ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்க வைத்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை மறுத்து, தற்காலிகமாக வந்தவர்களாகவே நடத்தியது. கோப்பிக்காலத்துக்குப் பொருந்தியிருக்கக்கூடிய ஒரு விவரணை, தேயிலைக்காலத்துப் பேரப்பிள்ளைகள் மீது சுமத்தப்பட்டது. பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003 இல் சட்டப்படி பெருமளவு தீர்ந்தபோதிலும், 7 பேர்ச் அளவான சிறு காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்கும் குடும்பத்திடம் இன்றும் அதே பழைய தொனியில் பேசப்படுகிறது.

எனவே பாடநூல்களைத் தயாரிப்போர், புவியியல் நூலில் தேயிலைக்கு ஏற்ற உயரத்தையும் மழைவீழ்ச்சியையும் கொடுக்கும் அதே பக்கத்தில், 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் துண்டு முறையையும் சேர்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் இப்பொருளில் மலையக ஆய்வாளர்களின் கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கொழும்பு 13.