செயலாளரின் ஆண்டறிக்கை 2020–2021: சேலம் – சென்னை விரைவுச் சாலையும் நம் ஊர் நீர்வழிப் பதிவேடும்

பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர்களுக்கும், தலைவர், பொருளாளர் உள்ளிட்ட நிர்வாகிகளுக்கும் வணக்கம். 2020 ஏப்ரல் 1 முதல் 2021 மார்ச் 31 வரை நம் விவசாயிகள் சங்கம் ஆற்றிய பணிகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை, ஆண்டு முழுவதும் நம்மை ஆட்கொண்டிருந்த சேலம் – சென்னை எட்டுவழி விரைவுச் சாலைத் திட்டத்தையும் அதற்கான சுற்றுச்சூழல் ஆய்வையும் பற்றியது.

புதிய உறுப்பினர்களுக்காகப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசின் பாரத்மாலா திட்டத்தின் கீழ் 2018இல் அறிவிக்கப்பட்ட இச்சாலையின் நீளம் 277 கிலோமீட்டர். மதிப்பு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். அந்த ஆண்டு கோடையில்தான் சாலைக்கு எடுக்கும் நிலத்தைக் குறிக்க நம் வயல்களில் முட்டுக்கல் நட்டார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. அதன் மீதான மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருந்த நிலையில்தான் நாம் இந்த அறிக்கை ஆண்டுக்குள் நுழைந்தோம்.

ஆண்டின் முற்பாதியில் ஊரடங்கு காரணமாகக் கூட்டம் கூட முடியவில்லை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களின் கிராம சபைகளும் நடைபெறாததால், தீர்மானம் நிறைவேற்றும் வாய்ப்பே நமக்கு இல்லாமல் போனது. அதே மாதங்களில்தான், ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பை முன்கூட்டியே ஆய்வு செய்வதற்கான விதிகளைக் கொண்ட 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்கு மாற்றாக மத்திய அரசு ஒரு புதிய வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. ஜூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் கருத்துத் தெரிவிக்கும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்ததோடு, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்த்து வெளியிடுமாறு உத்தரவிட்டது. அதற்காகக் காத்திராமல், நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் முக்கியப் பகுதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு இப்போதுள்ள 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைப்பதையும், அனுமதி பெறாமலே பணியைத் தொடங்கியவர்களுக்குப் பின்னர் அனுமதி வழங்க வழி செய்வதையும் எதிர்த்து நம் சங்கம் உரிய காலத்துக்குள் கடிதம் அனுப்பியது. தன் தோட்டத்தின் கதியைத் தீர்மானிக்கும் சட்டத்தைத் தன் மொழியில் படிக்க முடியாத ஒருவரிடம் கருத்துக் கேட்பது கருத்துக் கேட்பே ஆகாது என்பதை அக்கடிதத்தின் முதல் வரியாகவே வைத்தோம்.

டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலர் அதை முழுத் தோல்வி என்று எண்ணி மனம் உடைந்தார்கள். இரவு வெகுநேரம் வரை எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவின் கீழான அறிவிக்கைகள் செல்லும் என்றும், நிலத்தை எடுக்கப்போவதாக அறிவிக்கும் கட்டத்தில் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றும் நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் சாலைப் பணியைத் தொடங்கும் முன் அந்த அனுமதியைக் கட்டாயம் பெற்றாக வேண்டும் என்றும், நிலம் கையகப்படுத்தி முடிக்கப்படாத நிலையில் வருவாய்ப் பதிவேடுகளில் செய்த பெயர் மாற்றம் செல்லாது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. எனவே ஒவ்வொருவரும் தம் பட்டாவையும் சிட்டாவையும் எடுத்துப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி வீடு வீடாகச் சென்று கேட்டுக்கொண்டோம். திருத்தம் தேவைப்பட்டவர்களுக்குச் சங்கமே மனு எழுதிக் கொடுத்தது.

இந்தத் தீர்ப்பைப் படித்த பின் என் மனதில் உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பாதையை முடிவு செய்து, கல் நட்டு, இழப்பீடும் பேசிய பிறகு நடக்கும் சுற்றுச்சூழல் ஆய்வில், 'இந்தப் பாதை வேண்டுமா, வேறு வழி உண்டா' என்ற கேள்விக்கு இடம் மிகவும் குறுகிவிடுகிறது. ஆகவே அந்த ஆய்வு நடக்கும்போது நம் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். செயற்குழுவும் இதை ஏற்றதால்தான் நம் ஊரின் நீர்வழி, கிணறு, மரப் பதிவேட்டுப் பணி தொடங்கியது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கான களத் தரவுகளை மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் திரட்டினால் போதும் என்பதே பொதுவான நடைமுறை. சேலம் அருகே உள்ள ஜருகுமலையின் அடிவாரத்து ஓடைகளைப் பங்குனியில் வந்து பார்ப்பவருக்கு அவை வெறும் பள்ளமாகத்தான் தெரியும். ஐப்பசி மழைக்குப் பின் ஒரு நாள் மாலை, வடக்குத் தோட்டத்துப் பாக்குத் தோப்பு ஓரமாக ஓடும் ஓடையில் இறங்கியபோது எனக்குத் தண்ணீர் இடுப்பளவு இருந்தது. கரையில் நின்ற முட்டுக்கல்லின் மஞ்சள் பூச்சு வரை சேறு ஏறியிருந்தது. அதே இடத்தை மார்ச் மாதத்தில் மீண்டும் படம் எடுத்தோம்; கல்லின் அடியில் காய்ந்த சருகுதான் கிடந்தது. இரண்டு படங்களும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளன. உயர்த்திய மண்மேட்டின் மீது சாலை செல்லும்போது இந்த ஓடைக்குப் போதிய அகலத்தில் பாலம் விடாவிட்டால் மேற்கே உள்ள தோட்டங்களில் தண்ணீர் தேங்கும், கிழக்கே உள்ள ஏரிக்கு வரத்து நிற்கும். இதை எந்த நிபுணரை விடவும் தெளிவாக நம் வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். எந்த ஆண்டு மழையில் எந்த வரப்பு உடைந்தது என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய பக்கங்களே பதிவேட்டில் மிகவும் பயனுள்ளவை என்று கருதுகிறேன். கிணறுகளின் ஆழத்தைக் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கி அளந்தோம். நீர்மட்டம் தனியே குறிக்கப்பட்டுள்ளது.

நாம் சாலையே வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்லர். சேலம் – உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலையில் ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி புறவழிச்சாலைகள் இந்த அறிக்கை ஆண்டிலும் (2020–2021) இருவழியாகவே இருந்தன. நான்குவழியில் விரைந்து வரும் வண்டி திடீரென இருவழிக்குள் நுழைந்து எதிர்வண்டியைச் சந்திக்கும் அந்த இடங்களில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. முதலில் அவற்றை அகலப்படுத்துங்கள் என்று அதிகாரிகளுக்கு இந்த ஆண்டும் மனு கொடுத்தோம். ஆனால் நாம் கேட்கும் அந்தப் பணிக்கும் ஆய்வு வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் சட்டம் எல்லாப் பணிக்கும் அதைக் கேட்பதில்லை. 2006 அறிவிக்கையில் 2013இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கிலோமீட்டருக்கு மேல் இருந்து, கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலம் இப்போதுள்ள பாதையில் 40 மீட்டரையும் புறவழியில் 60 மீட்டரையும் தாண்டினால்தான் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. சிறு விரிவாக்கங்களில் சாலையோரப் புளியமரங்கள் எந்த மதிப்பீடும் இன்றி வெட்டப்படுவதற்கு இதுவே காரணம். சட்டம் கேட்காவிட்டாலும் மரக்கணக்கையும் நீர்வழி வரைபடத்தையும் வெளியிட்ட பின்பே பணி தொடங்க வேண்டும் என்று நம் மனுவில் சேர்த்திருக்கிறோம்.

வரும் ஆண்டில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால் நாம் செய்ய வேண்டியவற்றையும் செயற்குழு முடிவு செய்துள்ளது. இப்போதுள்ள விதிப்படி கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். கூட்டம் முழுவதும் காணொலியாகப் பதிவாக வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டும் வரை ஒருவரும் எழுந்து வரக் கூடாது. நாம் சொன்னது குறிப்பில் ஏறியதா என்பது அப்போதுதான் தெரியும்.

தெற்குக் காட்டுத் தோட்டங்களின் கிணறுகளும் மலையடிவாரத்து இரண்டு ஓடைகளும் இன்னும் பதிவாகவில்லை. அப்பகுதி உறுப்பினர்கள் சிட்டா நகலுடன் வரும் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்துக்கு வர வேண்டுகிறேன். கயிறும் பதிவேடும் அங்கே தயாராக இருக்கும். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று அங்கீகரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்