கண்ணாடி இழைத் துணி என்று நீங்கள் அனுப்பிய கலப்படம் பற்றி

விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெகுவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அரிசி ஆலை பாய்லருக்கென்று உங்கள் யாங்கோன் கடையில் ஃபைபர்கிளாஸ் துணி வாங்கினேனே, அந்த ஆள்தான். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் அனுப்பியது கண்ணாடித் துணி இல்லை, பாதி பாலியஸ்டர்.

எங்கள் ஸ்டீம் லைன் 7 பார் அழுத்தத்தில் ஓடுகிறது, அதாவது சுமார் 170 டிகிரி. நல்ல கண்ணாடித் துணிக்கு இதெல்லாம் ஒரு சூடே இல்லை, 500 டிகிரிக்கு மேலும் தாங்கும், எரியாது, சுருங்காது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) துணி நுரையீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த இடத்துக்கு இது வந்ததே இதனால்தான். ஆனால் உங்கள் துணியில் தைத்த வால்வு உறைகள் ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. பழுப்பேறி, விறைத்து, சுருங்கி, தையல் விட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, சூடான இரும்பு வெளியே தெரிகிறது. உமி தள்ளுகிற பையனின் முழங்கை அதில் பட்டுக் கொப்புளம் போட்டுவிட்டது.

மழைக்காலத்து ஈரத்தில் துணி கெட்டிருக்கும் என்று உங்கள் ஆள் சொன்னார். சிரிப்பதா அழுவதா? கண்ணாடி நூல் தண்ணீரைக் குடிக்காது, மக்காது, பூஞ்சைக்குத் தின்ன அதில் ஒன்றுமில்லை. மழை ஊற்றுகிற இந்த நாட்டில் நான் இதைத் தேடி வாங்குவதே அதற்காகத்தானே.

வெட்டும்போதே எனக்குச் சந்தேகம். கண்ணாடித் துணி வெட்டினால் கை அரிக்கும், அன்று பையன்கள் வழக்கம்போலச் சொறியவில்லை, சந்தோஷமாக வேலை பார்த்தார்கள். அப்புறம் மிச்சத் துண்டிலிருந்து நூலை உருவி லைட்டரில் காட்டினேன். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் சிவந்து, தீயை எடுத்ததும் பழையபடி வெள்ளையாகிவிட்டது, அது கண்ணாடிதான். குறுக்கே ஓடுகிற ஊடை நூல் கருகி உருகிச் சொட்டி, நுனியில் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. பாலியஸ்டர் 260 டிகிரி வாக்கில் உருகும், கண்ணாடி உருகிச் சொட்டி யாராவது லைட்டரில் பார்த்திருக்கிறார்களா? புது கண்ணாடித் துணியும் முதல் சூட்டில் லேசாகப் புகையும், அது நெய்யும்போது நூலுக்குப் போடும் கஞ்சி எரிவது, எனக்கும் தெரியும். அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். உருவிய நூல்களை ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன், உங்கள் கடையிலேயே கொளுத்திப் பாருங்கள்.

விலையை மட்டும் சுத்தக் கண்ணாடித் துணிக்கே போட்டிருக்கிறீர்கள், பில் நகலும் இருக்கிறது.

எனக்கு வேண்டியது இதுதான். பாவு ஊடை இரண்டும் கண்ணாடியாக உள்ள துணியை நெசவாலையின் சோதனைச் சான்றோடு உங்கள் லாரிச் செலவிலேயே அனுப்புங்கள், உறை தைத்த கூலியையும் கொடுங்கள். முடியாது என்றால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். கிரெடிட் நோட்டு வேண்டாம், அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறோம் என்ற பேச்சும் வேண்டாம். இதே சரக்கை வேறு ஆலைகளுக்கும் விற்றிருந்தால் அவர்களுக்கு இன்றே சொல்லிவிடுங்கள், வெல்டிங் பொறிக்குத் திரையாக யாராவது கட்டினால் தீப்பிடிக்கும்.

இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் புகார் அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன், மனு எழுதித் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
ஆலைப் பொறுப்பாளர், பெகு