அரைப்பேர்

குன்னூர்,
ஜனவரி 19

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்களை ஒவ்வொருவராக எண்ண முடிகிறது. எண்ணி என்ன செய்யப்போகிறேன், அது வேறு விஷயம்.

நாலு வயசுப் பேரனை செஸ் வகுப்பில் சேர்த்துவிட்டு, உன் மகன் சொந்தக்காரர்களிடம் எல்லாம் 'அடுத்த குகேஷ்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறான், இது எங்கே போய் முடியும் என்று கேட்டிருந்தாய். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. போன வாரம் ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் ஒன்றைப் பார்த்த பிறகுதான் எழுத வருகிறது.

மாப்பிள்ளை வீட்டார் உறைபனி பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார்கள். விடிகாலையிலேயே கூட்டிக்கொண்டு போனேன். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டினாற்போல் வெள்ளை. அங்கே ஒரு குடும்பம், ஆறு வயசுப் பெண் குழந்தைக்குக் கையில்லாத கவுன் போட்டு ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அம்மா போனைப் பிடிக்கிறாள், அப்பா பாட்டுப் போடுகிறார். குழந்தை ஆடி முடித்து, பனியை அள்ளி ஊதிச் சிரிக்க வேண்டும். ஆட்டம் சரியாக வந்தது, சிரிப்புதான் வரவில்லை. ஏழு தடவை எடுத்தார்கள். மூக்கு ஒழுகினால் துடைத்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு தடவைடா தங்கம்." பெற்றவர்கள் இரண்டு பேரும் ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர்.

கொடுமைக்காரர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எடுத்து முடித்ததும் அந்த அப்பா குழந்தையைத் தன் ஸ்வெட்டருக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டு, டீயை ஊதி ஊதிக் கொடுத்தார். அதுதான் என்னைக் குழப்பிவிட்டது. பாசமில்லாத ஆளாக இருந்திருந்தால் மனதுக்குள் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

பணத்தாசை என்று சொல்லிவிடலாம். அதுவும் இல்லாமல் இல்லை. 1921இல் வெளிவந்த படத்தில் சாப்ளினோடு நடித்துப் பேர் வாங்கிய ஜாக்கி கூகன் என்ற பையன், வளர்ந்த பிறகு 1938இல் தன் அம்மா மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் வழக்குப் போட்டான். லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்திருந்தவனுக்குக் கடைசியில் கைக்கு வந்தது சொற்பம். அடுத்த வருஷமே கலிஃபோர்னியாவில் சட்டம் போட்டார்கள். நம் நாட்டிலும் 2017இல் திருத்திய விதிப்படி, நடிக்கிற குழந்தையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வருமானத்தில் 20 சதவீதத்தையாவது அதன் பேரில் வங்கியில் போட வேண்டும். பெற்ற அப்பனே புல்வெளியில் போனை நீட்டினால் அங்கே வந்து யார் மணி பார்ப்பது?

ஆனால் பணத்துக்குக் குறைவில்லாத வீட்டிலும் இது நடக்கிறதே. உங்கள் திருச்சிப் பக்கம் மணப்பாறையில் 2007இல் நடந்தது ஞாபகமிருக்கும். டாக்டர் தம்பதி, பதினைந்து வயசு மகனை விட்டு சிசேரியன் செய்யவைத்து, அதை வீடியோவும் எடுத்து, கின்னஸில் இடம்பிடிக்கப் பார்த்தார்கள். படுத்திருந்தவள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி என்பது அந்த வீட்டில் ஒருவருக்குமா உறைக்கவில்லை? காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, சரி. இவர்களுக்கு அதை உரைகல்லில் உரசி ஊருக்கே முத்திரை காட்ட வேண்டியிருந்திருக்கிறது.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது என் அம்மா சொல்லும் 'அரைப்பேர்' ஞாபகத்துக்கு வந்தது. உன் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். சிலோனில் எடுத்த கொழுந்து றாத்தல் கணக்கில் குறைந்தால் கணக்கப்பிள்ளை செக்ரோலில், அதாவது பேர்ப்பதிவேட்டில், அரைப்பேர்தான் போடுவார், பாதி நாள் கூலிதான். நாள் முழுக்க மலை ஏறி இறங்கியும் பாதி ஆள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் எண்ணிக்கை பேசி நம்மை அனுப்பினார்களே, அங்கேயும் நாம் தலைக்கணக்குதான். கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. பேர் என்றாலே நம் வீடுகளில் கூலி என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையின் பேர் ஊருக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றினால் அதை வெறும் பேராசை என்று தள்ள எனக்கு மனசில்லை.

அப்பா இலங்கை வானொலிக்குக் கடிதம் போடச் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? வெளிநாட்டுத் தபால்தலைக்குக் காசு கொடுத்து, பாட்டுக் கேட்டு, என் பேர், தங்கச்சி பேர், கடைசியில் தன் பேர் என்று வரிசையாக எழுதவைத்தார். மூணாவது மாசம் வாசித்தார்கள். என் பேரும் தங்கச்சி பேரும் வந்தது. அவர் 'மற்றும் குடும்பத்தினர்' ஆகிவிட்டார். அதையே ஒரு வாரம் லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன்.

ஹாலந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 73 பெற்றோர்தான், பெரிய கூட்டமில்லை. பிள்ளையைத் தன்னில் ஒரு பாகமாக நினைப்பவர்களை, கைகூடாமல் போன தங்கள் ஆசைகளை எண்ணிப் பார்க்கவைத்தால், அதைப் பிள்ளை நிறைவேற்ற வேண்டும் என்று அவர்களுக்குக் கூடுதலாகத் தோன்றுகிறதாம். இதைச் சொல்ல ஹாலந்துக்குப் போக வேண்டுமா, என்னைக் கேட்டிருக்கலாம்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று. மகளுக்கு ஒன்பது வயசில், கோயம்புத்தூரில் ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குத் தேர்வு வைத்தார்கள். அவள் கேட்கவில்லை. நான்தான் கூட்டிப்போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அங்கே முன்னூறு பிள்ளைகள் இருக்கும். அவள் முறை வந்தபோது மூணரை மணி. இரண்டாவது வரியில் தொண்டை கட்டிக்கொண்டது, அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது பர்லியாரில் பஸ் நின்றது. மங்குஸ்தான் சீசன். வாங்கித் தரச் சொன்னாள். வாங்கித் தரவில்லை. காசு இருந்தது. நான் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? பேக்டரி வாசல் டீக்கடையில் நாளைக்கு என்ன பதில் சொல்வது என்று.

உன் பேரன் விஷயம். குகேஷின் அப்பா டாக்டர் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனவர், 2024இல் பையன் உலக சாம்பியன் ஆனான். ஜெயித்ததால் அதைத் தியாகம் என்கிறோம். தோற்றிருந்தால் இதே வாய் வேறு மாதிரிப் பேசியிருக்கும். அதனால் உன் மகனை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஒன்று மட்டும் கவனித்துச் சொல். ஆட்டத்தில் தோற்றுவிட்டு வரும்போது பையன் முதலில் பலகையைப் பார்க்கிறானா, அப்பன் முகத்தைப் பார்க்கிறானா? என் மகள் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் தாண்டும்வரை என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் இப்போது தன் பிள்ளையின் போட்டோவை எங்கேயும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். தலைக்குந்தாவில் பேரன் பனியை நக்குகிற மாதிரி ஒன்று எடுத்திருந்தேன், அருமையாக வந்திருந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அரை மணி நேரத்தில் போன் பண்ணி, "அப்பா, எடுங்க அதை" என்றாள். எடுத்துவிட்டேன். அதற்குள் 23 பேர் பார்த்திருந்தார்கள். யார் யார் என்று ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். மே மாசம் பழக்கண்காட்சிக்கு வந்துவிடு, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

உன்
ராசு