செயலாளர் ஆண்டறிக்கை: ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டின பிறகு எங்கே போவது?

அனைவருக்கும் வணக்கம். போன வருட அறிக்கையில் எத்தனை சாப்பாட்டுப் பார்சல், எத்தனை போர்வை என்றுதான் அதிகம் எழுதியிருந்தேன். இம்முறை கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தைச் சுற்றிப் படுக்கிற ஆட்களின் நோய் வருத்தங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வருடம் எங்கள் நேரம் முழுக்க அதிலேதான் போனது.

அரச ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. பஸ் நிலையத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், வடக்குக்கு அது 2018இல் வந்தது. அப்படியிருந்தும் றோட்டில் படுக்கிறவருக்கு ஏன் வருத்தம் மாறுவதில்லை என்றால், டொக்டர் சொல்லி அனுப்புகிற எல்லாமே வீடு இருக்கிற ஆளுக்குச் சொல்கிறவை. சாப்பாட்டுக்கு முன் ஊசி போடு, மருந்தை பிரிட்ஜில் வை, காலை உயர்த்திப் படு, புண்ணில் தண்ணி படவிடாதே, அடுத்த மாதம் கிளினிக் கொப்பியோடு வா. பஸ் நிலைய வாங்கில் இருந்துகொண்டு இதில் எதைச் செய்வது?

ஒரு ஐயாவைச் சொல்கிறேன். சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், காலில் புண், பெருவிரலை எடுத்துவிட்டார்கள். ஒரு வைத்தியசாலையில் துண்டு வெட்டி வெளியே விடும்போது வீட்டுக்குப் போய் ஒவ்வொரு நாளும் மருந்து கட்டுங்கோ என்று அனுப்பியிருக்கிறார்கள், வீடு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கார்த்திகை மழையில் ஒரு கடை வாசலில் நனைந்த கட்டோடு இருந்தவரைத்தான் நாங்கள் கண்டோம். கட்டை அவிழ்த்தால் உள்ளே துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது, சேலைன் விட்டு விட்டு எடுக்கக் கால் மணித்தியாலம் ஆனது. ஐயா முனகக்கூட இல்லை. சீனி வருத்தம் கால் உணர்வையே எடுத்துவிடுகிறது, நோகாதபடியால்தான் புண் உள்ளுக்குள் ஓடுவது தெரிவதில்லை. அவருக்கு இருந்த கவலை வேறு. சாரத்து மடிப்பில் ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினார், மை கரைந்து பக்கமெல்லாம் நீலமாக இருந்தது. “தம்பி, இனி கிளினிக்கில எடுப்பினமோ?” என்று கேட்டார்.

அன்றைக்குப் பிறகு எல்லாருடைய கொப்பியையும் போனில் படம் எடுத்து வைக்கிறோம். கொப்பிகளைத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர் பிஸ்கட் ரின்னில் போட்டுத் தன் கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறார். இன்சுலினுக்கும் அவருடைய பிரிட்ஜில் ஒரு மூலை தந்திருக்கிறார், இதற்கு அவர் ஒரு சதம் வாங்கவில்லை.

காசநோய் பற்றியும் சொல்லவேண்டும். ஆறு மாதம் மருந்து, முதல் இரண்டு மாதம் நாலு வகை, மற்ற நாலு மாதம் இரண்டு வகை. இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும். எங்கள் தொண்டர் ஒருவர் ஒவ்வொரு காலையும் பிளேன்ரீயோடு போய், மருந்தை விழுங்கும் மட்டும் பக்கத்தில் இருந்தார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் நோயாளி ஆளையே காணவில்லை! அப்புறம் சந்நிதி கோயிலில் அன்னதான வரிசையில் கண்டுபிடித்தோம். ஏச்சில்லை, பேச்சில்லை. அங்கேயே மருந்து கொடுக்க ஒழுங்கு செய்து ஆறு மாதமும் முடித்துவிட்டோம். இந்த வருடம் எனக்கு மனம் நிறைந்த விஷயம் இதுதான்.

சொறிக்குக் கிறீம் பூசினால் மட்டும் போதாது, அதே நாள் உடுப்பையும் போர்வையையும் கொதிதண்ணியில் தோய்க்கவேண்டும், ஆகவே பழைய சாரம், சேலை தாருங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணியால் தொற்றுகிற எலிக்காய்ச்சல் 2024 மார்கழியில் இங்கே உயிர்களை எடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள், வெள்ளத்தில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குச் செருப்பும் வேண்டும்.

மனநோய் உள்ளவர்கள் விஷயத்தில் நாங்கள் சரியாகச் செய்யவில்லை. மாதாமாதம் ஊசி போட்டால் நன்றாக இருக்கக்கூடிய ஒரு அம்மாவை இரண்டு தடவை தவறவிட்டோம், கூட்டிப்போகப் பெண் தொண்டர் இல்லை என்பதால். இது எங்கள் பிழை. பெண்கள் முன்வந்தால் தவிர இதைத் திருத்த முடியாது.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஆஸ்பத்திரி வாட்டை விட்டு வந்தவர் புண் ஆறும் மட்டும் படுக்க நாலு கட்டில் போடக்கூடிய ஒரு வீடு வேண்டும். இது புது யோசனை இல்லை, அமெரிக்காவில் பொஸ்டன் நகரில் வீடற்றவர்களுக்கென்று 1985இலேயே 25 கட்டிலோடு இப்படித் தொடங்கினார்கள். எங்களுக்கு நாலு போதும். தண்ணி வசதி, கக்கூசுக்குப் படி ஏறாத வீடு, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ காசு அதிகம் வராத தூரம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றால் அவரோடு ஒருக்கால் கதைத்துப் பாருங்கள். அந்த ஐயாவுக்கு அடுத்த கிளினிக் வெள்ளிக்கிழமை, அதற்கிடையில் யாரிடமாவது பதில் வந்தால் இரவென்றாலும் பரவாயில்லை, எனக்குப் போன் எடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்